சேற்றுக்குள் ஒரு கண்ணாடி ஊசி: பேராசிரியர் ரெவ்ஸ்பெக்கின் சென்சார்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்ணுயிரியல் படிக்கிற பிள்ளைகளும், கழிவுநீர் சுத்திகரிப்பில் வேலை பார்க்கிறவர்களும், கடலாய்வுச் செய்தி ஏதோ ஒன்றில் ‘மைக்ரோசென்சார்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் இந்தக் கருவிகளைச் செய்கிறவன் இல்லை, பயன்படுத்துகிறவன். நிறைய உடைத்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

யார் இந்த ரெவ்ஸ்பெக்?

நீல்ஸ் பீட்டர் ரெவ்ஸ்பெக், டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் பேராசிரியர். 1970களின் கடைசியில் தொடங்கி, நுண்ணுயிர்கள் வாழ்கிற இடத்துக்குள்ளேயே நுழைந்து அளக்கக்கூடிய மிக மெல்லிய சென்சார்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டே வந்தவர். ஆக்சிஜன், நைட்ரஸ் ஆக்சைடு, நைட்ரேட், மீத்தேன் என்று பட்டியல் நீளும். புதிய பாக்டீரியா ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியவர்கள் பலர் உண்டு. இவருடைய பெயர் நின்றது கருவியால்தான்.

நுண்ணுயிரியல்காரர் எதற்குக் கருவி செய்யப் போனார்? வாங்கிக்கொள்ளக் கூடாதா?

வாங்குவதற்கு எதுவும் இல்லை, அதுதான் காரணம். கடலோரச் சேற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கிற தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருக்கும். ஆனால் சேற்றுக்குள் அது சில மில்லிமீட்டர் இறங்குவதற்குள் தீர்ந்துபோகும், ஏனென்றால் அங்கே உள்ள உயிர்கள் வந்ததை வந்தபடி தின்றுவிடுகின்றன. அதற்குக் கீழே நைட்ரேட்டைச் சுவாசிக்கிறவை, இன்னும் கீழே சல்ஃபேட்டைச் சுவாசித்து ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியேற்றுகிறவை என்று அடுக்கடுக்காகக் குடியிருப்பு. கழிமுகத்தில் காலை வைத்தால் புதைந்து, எடுக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்குமே, அது அந்தக் கீழ் அடுக்கின் வாடை.

அந்தக் காலத்தில் சேற்றை எப்படி ஆராய்ந்தார்கள்? குழாயில் எடுத்து, ஒரு சென்டிமீட்டர் அல்லது அரை சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டி, பிழிந்து, வந்த நீரைச் சோதித்தார்கள். ஆக்சிஜன் இருக்கிற பகுதி முழுவதும் முதல் வில்லைக்குள்ளேயே அடங்கிவிடும். எல்லா அடுக்கையும் கலந்து பிழிந்துவிட்டு ‘சராசரி இவ்வளவு’ என்று எழுதுவது, மாடி வீட்டில் ஐந்து குடித்தனக்காரர்களின் குழம்பையும் ஒரே அண்டாவில் ஊற்றிவிட்டு யார் வீட்டில் என்ன சமையல் என்று கேட்பது மாதிரி.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். தண்ணீரில் ஆக்சிஜன் மூலக்கூறு தானாகப் பரவி நகர எடுக்கும் நேரம், தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நூறில் ஒரு மில்லிமீட்டர் நகர ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குதான் ஆகும். 1 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4 நிமிடம், 10 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மாதம். பாக்டீரியாவின் உலகம் ஏன் மில்லிமீட்டருக்குள் சுருங்கிக் கிடக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும். அந்த உலகத்தை அளக்க வேண்டுமென்றால் அளவுகோலும் அதற்குள் நுழைகிற அளவில் இருக்க வேண்டும்.

இவருக்கு முன்னால் இப்படி ஒன்று இல்லவே இல்லையா?

இருந்தது. இவரே முதலில் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது தவறு. லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் இரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கச் செய்த மின்முனை 1956இலேயே வெளிவந்துவிட்டது. ஒரு சவ்வுக்குப் பின்னால் மின்முனை, அவ்வளவுதான், ஆனால் அது பென்சில் பருமன் சமாச்சாரம். 1960களில் உடலியங்கியல்காரர்கள் தசைக்குள் குத்தி அளக்க நுண்ணிய ஊசிகளைச் செய்தார்கள், 1969இல் அப்படி ஒன்றை நுண்ணுயிர்ச் சளிப்படலத்திலும் வைத்துப் பார்த்தார்கள். இவற்றைக் கடல் சேற்றுக்குள் இறக்கி, ஒழுங்காக ஆழத்துக்கு ஆழம் அளந்து காட்டியதில்தான் ஆர்ஹுஸ் குழுவின் பெயர் வருகிறது. ரெவ்ஸ்பெக், சோரென்சென், பிளாக்பர்ன், லோம்ஹோல்ட் நால்வரும் எழுதிய கட்டுரை 1980இல் வந்தது. அதற்கப்புறம் சேற்றில் ஆக்சிஜன் எவ்வளவு ஆழம் போகிறது என்று ஊகித்து எழுத யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது.

அந்த ஊசி எப்படி இருக்கும்? எப்படிச் செய்கிறார்கள்?

பார்க்க ஒரு கண்ணாடிப் பேனா மாதிரி இருக்கும், நுனி போகப் போக மெலிந்து, கடைசியில் கண்ணுக்கே தெரியாது. நுனியின் பருமன் 10 மைக்ரோமீட்டர் அளவில், சிலவற்றில் அதைவிடவும் குறைவு. நம் தலைமுடி 70 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

செய்முறை கிட்டத்தட்ட தட்டான் பட்டறை வேலை. மெல்லிய பிளாட்டினம் கம்பியை எடுத்து, அதன் நுனியைச் சயனைடு கரைசலில் முக்கி, மின்சாரம் செலுத்தி, ஓரிரு மைக்ரோமீட்டருக்குக் கரைத்து மெலிய வைக்க வேண்டும். (ஆமாம், சயனைடுதான். காற்றுப்போக்கி அலமாரிக்குள் வைத்துத்தான் செய்வார்கள்.) அந்தக் கம்பியைக் கண்ணாடிக்குள் வைத்து உருக்கி மூடி, நுனியை மட்டும் வெளியே விட்டு, அதற்குத் தங்க முலாம் பூச வேண்டும். பிறகு இன்னொரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து நுனியாக்கி, அதன் வாயைச் சிலிகோனால் அடைக்க வேண்டும். சிலிகோன் வழியாக வாயு நுழையும், உப்பு நுழையாது. முதல் துண்டை இரண்டாவதற்குள் செருகி, தங்க நுனியைச் சிலிகோனுக்கு மிக அருகில் கொண்டுவந்து நிறுத்தி, நடுவே மின்பகு நீரை நிரப்பி, வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனை ஒன்றைத் துணைக்கு வைத்தால் சென்சார் தயார். இவ்வளவும் நுண்ணோக்கியைப் பார்த்துக்கொண்டே, கையால். கை நடுங்கினால் மறுபடியும் முதலிலிருந்து.

தங்க நுனிக்கு மைனஸ் 0.8 வோல்ட் கொடுத்தால் அங்கே வந்து சேருகிற ஒவ்வொரு ஆக்சிஜன் மூலக்கூறும் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும், அந்த மின்னோட்டம்தான் நாம் படிக்கிற அளவு. பிக்கோ ஆம்பியர் கணக்கில் வரும், அதாவது ஒரு ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பக்கத்தில் யாராவது நைலான் சட்டையோடு நடந்தால் எண் துள்ளும்.

1989இல் ரெவ்ஸ்பெக் இதில் ஒரு திருத்தம் செய்தார். சென்சாரின் உள்ளே இருக்கும் நீரிலும் ஆக்சிஜன் கரைந்திருக்கும், அது பின்பக்கமாக மெதுவாக நுனிக்கு வந்து கணக்கைக் கெடுக்கும். அதைத் தடுக்க உள்ளேயே இன்னொரு மின்முனையைக் காவலுக்கு வைத்தார். பின்னாலிருந்து வருகிற ஆக்சிஜனை அது பிடித்துத் தின்றுவிடும். கேட்க அற்ப விஷயமாகத் தெரியும், ஆனால் சென்சார் மணிக்கணக்கில் நிலையாக நிற்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அளக்கிற கருவியே ஆக்சிஜனைத் தின்கிறது என்றால் அளவு எப்படிச் சரியாக இருக்கும்?

நல்ல கேள்வி. பெரிய கிளார்க் மின்முனையில் இது உண்மையிலேயே தொல்லைதான், நுனிக்கு முன்னால் இருக்கிற ஆக்சிஜனை அதுவே தீர்த்துவிடும், அதனால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சேற்றைக் கலக்கினால் அளக்க வந்த அடுக்கே போய்விடுமே. நுனியை மெலிதாக்கும்போது தின்கிற அளவு அவ்வளவு குறைந்துவிடுவதால், கலக்கினாலும் கலக்காவிட்டாலும் எண்ணில் ஓரிரு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வராது. நுனி சிறியதாக இருப்பது சந்தில் நுழைவதற்கு மட்டும் இல்லை என்பது இங்கேதான் புரியும்.

சரி, இதை வைத்து என்ன கண்டுபிடித்தார்கள்?

எனக்குப் பிடித்த மூன்றைச் சொல்கிறேன்.

சினாய் தீபகற்பத்துக் கரையில் ‘சோலார் லேக்’ என்று ஓர் உப்புக் குட்டை உண்டு, அடியில் நீலப்பச்சைப் பாசி பாய் விரித்த மாதிரி படர்ந்திருக்கும். போ பார்க்கர் யோர்கென்சென், ரெவ்ஸ்பெக், பிளாக்பர்ன், கோஹன் ஆகியோர் அந்தப் பாயைப் பகலும் இரவும் விடாமல் அளந்து 1979இல் எழுதினார்கள். பகலில் மேல் மில்லிமீட்டர்களில் ஆக்சிஜன், காற்றோடு சமமாக இருக்கிற தண்ணீரில் உள்ளதைவிடப் பல மடங்கு. இருட்டியதும் அது வடிந்து, கீழேயிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு மேலே ஏறி வந்துவிடுகிறது. நகரவே முடியாத ஒரு பாக்டீரியா ஒரே நாளில் இரண்டு எதிரெதிர் உலகங்களில் வாழ வேண்டியிருக்கிறது, ஒன்றில் ஆக்சிஜன் அளவுக்கு மீறி, மற்றதில் விஷ வாயு.

அடுத்தது பெஜியடோவா. வெள்ளை நூல் நூலாகச் சேற்றின் மேல் படியும் பாக்டீரியா. அதற்குச் சல்ஃபைடும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் தாமாகவே வினைபுரிந்து வீணாகிவிடும், ஆகவே இரண்டும் சந்திக்கிற அந்த ஒரே கோட்டில் போய் நிற்கிறது. யோர்கென்சென்னும் ரெவ்ஸ்பெக்கும் 1983இல் அந்தக் கோட்டை அளந்தபோது, இரண்டும் சேர்ந்திருக்கிற பட்டை 50 மைக்ரோமீட்டர் அளவுதான் இருந்தது. தலைமுடியைவிட மெல்லிய இடத்தில் ஒரு முழுக் குடியிருப்பு. வில்லை வெட்டிப் பிழிந்திருந்தால் ‘இங்கே ஆக்சிஜனும் சல்ஃபைடும் சேர்ந்தே இருக்கின்றன’ என்று எழுதியிருப்பார்கள்.

மூன்றாவது ஒரு தந்திரம், 1983இல் வந்தது. பாசிக்குள் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் ஒளிச்சேர்க்கை எவ்வளவு நடக்கிறது என்று தெரிய வேண்டும். ஊசியை அங்கே நிறுத்தி, விளக்கை எரியவிட்டு, எண் நிலையாக நிற்கும்வரை காத்திருங்கள். நிலையாக நிற்கிறது என்றால் அங்கே உற்பத்தியாகிறதும் தீர்ந்துபோகிறதும் சமம். இப்போது விளக்கைச் சட்டென்று அணையுங்கள். உற்பத்தி நின்றுவிட்டது, தீர்வது மட்டும் அப்படியே தொடர்கிறது, ஆகவே முதல் ஓரிரு நொடியில் ஆக்சிஜன் எந்த வேகத்தில் விழுகிறதோ அதுதான் விளக்கு எரிந்தபோது இருந்த ஒளிச்சேர்க்கையின் வேகம். பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு முறை இப்படி அளக்கலாம். மருந்து வேண்டாம், கதிரியக்கப் பொருள் வேண்டாம், ஒரு ஸ்விட்ச் போதும். நொடிக்குள் பதில் சொல்கிற வேகமான சென்சார் கையில் இருந்ததால் வந்த யோசனை இது.

சென்சாருக்குள் பாக்டீரியாவை அடைத்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கடல் நீரில் நைட்ரேட்டை நுண் அளவில் அளப்பது பெரிய தலைவலி. சாதாரண அயனி மின்முனையை வைத்தால் குளோரைடு வந்து குழப்பிவிடும், கடலில் குளோரைடுக்குப் பஞ்சமா? லார்சன், கியார், ரெவ்ஸ்பெக் மூவரும் 1997இல் காட்டிய வழி இது: நைட்ரேட்டை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றத் தெரிந்த, ஆனால் அதற்கு அடுத்த படியில் நைட்ரஜன் வாயுவாக மாற்றத் தெரியாத ஒரு பாக்டீரியாவைப் பிடித்து ஊசியின் நுனியில் குடிவைத்தார்கள். வெளியே இருக்கிற நைட்ரேட் உள்ளே வரும், பாக்டீரியா அதை நைட்ரஸ் ஆக்சைடாக்கும், பின்னாலேயே இருக்கிற நைட்ரஸ் ஆக்சைடு சென்சார் அதை எண்ணும். பாக்டீரியாவுக்குச் சாப்பாடு பின்பக்கத் தொட்டியிலிருந்து வரும். ஒரு நொதி குறைந்த பாக்டீரியாவின் குறையையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

மீத்தேன் சென்சாரும் இதே வம்சம்தான், அதே ஆண்டில் டாம்கார்டும் ரெவ்ஸ்பெக்கும் செய்தது. அதில் மீத்தேனைத் தின்கிற பாக்டீரியா உள்ளே இருக்கும், மீத்தேன் வந்தால் அது ஆக்சிஜனை அதிகமாகச் சுவாசிக்கும், உள்ளே இருக்கிற ஆக்சிஜன் சென்சாரின் எண் இறங்கும். எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு மீத்தேன்.

உயிருள்ள சென்சார் என்பதால் அதற்கு ஆயுளும் உண்டு. கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும்.

ஸ்டாக்ஸ் சென்சார் என்றால் என்ன? அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

பூஜ்யத்தை அளப்பதற்காகச் செய்தது. இதுதான் இருப்பதிலேயே கடினமான அளவு என்பது என் கட்சி. எந்த ஆக்சிஜன் சென்சாரும், ஆக்சிஜன் சுத்தமாக இல்லாத இடத்திலும் கொஞ்சம் மின்னோட்டத்தைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும், அந்த அடிக்கணக்கு வெப்பம், அழுத்தம், வயது எல்லாவற்றுக்கும் ஏற்ப நகரும். கரையில் பூஜ்யம் பிடித்துவிட்டு 300 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினால் அந்தப் பூஜ்யம் அங்கே பூஜ்யமாக இருக்காது. பெரு, சிலி கடற்கரைக்கு அப்பால் ஆக்சிஜன் மிகக் குறைந்த ஒரு பெரிய நீரடுக்கு இருக்கிறது. அங்கே ‘கொஞ்சம் ஆக்சிஜன்’ இருப்பதாகப் பல காலம் எழுதியிருந்தார்கள். உண்மையிலேயே இருந்ததா, இல்லை கருவியின் அடிக்கணக்கா, வாளியில் ஏறும்போது கலந்த காற்றா என்று பிரிக்க வழி இல்லை.

ரெவ்ஸ்பெக் செய்தது, பூஜ்யத்தைக் கடலுக்குள்ளேயே கொண்டுபோனது. சாதாரண ஆக்சிஜன் மின்முனைக்கு முன்னால் துளையுள்ள இன்னொரு தங்க மின்முனையை வாசற்காவலாக வைத்தார். அதை இயக்கினால் வருகிற ஆக்சிஜன் முழுவதையும் வாசலிலேயே தின்றுவிடும், உள்ளே இருப்பது காட்டுகிற எண்தான் அந்த நேரத்து, அந்த ஆழத்து உண்மையான பூஜ்யம். அணைத்தால் ஆக்சிஜன் உள்ளே போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை. கடலுக்கடியில் இதை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்கும். 2009இல் வெளியான இந்தக் கருவி 1 முதல் 10 நானோமோலார் வரை பிரித்துக் காட்டியது (நானோமோலார் என்றால் லிட்டருக்கு ஒரு மோலில் நூறு கோடியில் ஒரு பங்கு). பெருவுக்கு அப்பால் அந்த அடுக்கின் நடுப்பகுதியில் அதற்கும் ஆக்சிஜன் தென்படவில்லை. ‘கொஞ்சம்’ என்று எழுதியிருந்த இடத்தில் ‘இல்லை’ என்று திருத்த வேண்டியதாயிற்று.

இதனால் என்ன? ஆக்சிஜன் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் அங்கே உள்ள பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி, கடலின் உரச்சத்தைக் காற்றுக்கு அனுப்புகிறது. அந்த வேலை எவ்வளவு ஆக்சிஜனில் நிற்கும் என்று சிலி கடலில் எடுத்த நீரை வைத்து அளந்தபோது (2014), டீநைட்ரிஃபிகேஷன் எனப்படும் அந்த வேலை வெறும் 200 நானோமோலார் அளவிலேயே பாதியாகக் குறைந்தது. பழைய கருவிகளுக்கு 200 நானோமோலாரும் பூஜ்யமும் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. ஸ்டோல்பர், ரெவ்ஸ்பெக், கான்ஃபீல்டு மூவரும் 2010இல், நம் குடலில் இருக்கிற ஈ. கோலை பாக்டீரியா 3 நானோமோலாருக்கும் குறைந்த ஆக்சிஜனில் சுவாசித்து வளர்வதைக் காட்டினார்கள். காற்றுக்குச் சமமான நீரில் இருக்கிறதில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. ‘ஆக்சிஜன் அற்ற சூழல்’ என்று நாம் சோதனைக்கூடத்தில் சீட்டு ஒட்டி வைத்திருக்கும் எத்தனை குப்பிகள் உண்மையில் அப்படி இருக்கின்றன? ரப்பர் மூடியே ஆக்சிஜனைத் தேக்கிவைத்து மெதுவாக விடும்.

இதற்கும் நம் பக்கத்துக் கடலுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வங்காள விரிகுடாவிலும் அப்படி ஒரு ஆக்சிஜன் குறைந்த அடுக்கு இருக்கிறது, ஆனால் அரபிக் கடலில் நடக்கிற மாதிரி நைட்ரஜன் இழப்பு இங்கே நடப்பதாகத் தெரியவில்லை. ஏன் என்பது நெடுநாள் புதிர். லாரா பிரிஸ்டோ தலைமையில் கோவா தேசியக் கடலாய்வு நிறுவனத்தாரும் சேர்ந்து ஸ்டாக்ஸ் சென்சாரோடு போய் அளந்ததில் (2017), அங்கே பெரும்பாலும் 10 முதல் 200 நானோமோலார் வரை ஆக்சிஜன் தங்கியிருந்தது. அந்தத் துளி ஆக்சிஜனை வைத்துக்கொண்டு ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை (நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகும் வழியில் வரும் நடுப்படி) மறுபடியும் நைட்ரேட்டாக்கிவிடுகிறது. நைட்ரஜன் வாயு செய்கிற பாக்டீரியா இருந்தும், அதற்கு வேண்டிய நைட்ரைட் கிடைப்பதில்லை. அந்தத் துளியும் தீர்ந்தால் நம் கடலும் அரபிக் கடல் மாதிரி ஆகிவிடலாம் என்பது அவர்கள் சொன்ன எச்சரிக்கை.

மின்சாரம் கடத்தும் பாக்டீரியாவையும் இவர்தான் கண்டுபிடித்தாரா?

இல்லை, அது அதே ஆர்ஹுஸில் லார்ஸ் பீட்டர் நீல்சென் குழு. ஆனால் மைக்ரோசென்சார் இல்லாமல் நடந்திருக்காது. ஆக்சிஜன் மேலே ஓரிரு மில்லிமீட்டரில் தீர்ந்துவிடுகிறது, சல்ஃபைடோ ஒரு சென்டிமீட்டருக்கும் கீழேதான் காணாமல் போகிறது, நடுவில் இரண்டுமே இல்லை, பின் யார் அதைத் தின்கிறார்கள்? கீழே சல்ஃபைடிலிருந்து எலக்ட்ரான் மேலே ஆக்சிஜனுக்கு ஓடுகிறது என்று 2010இல் சொன்னபோது பலர் நம்பவில்லை. 2012இல் கம்பி மாதிரி நீண்ட பாக்டீரியாவையே காட்டிவிட்டார்கள்.

கடையில் கிடைக்குமா?

கிடைக்கும். ஆர்ஹுஸ் ஆய்விலிருந்து 1998இல் யூனிசென்ஸ் என்ற நிறுவனம் கிளைத்தது. நைட்ரஸ் ஆக்சைடு சென்சாரின் பெரிய வடிவம் ஒன்று கழிவுநீர் நிலையங்களுக்குப் போகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு சூடாக்கும் வாயு அது. தொட்டியில் காற்றை எப்போது எவ்வளவு ஊதுவது என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும்.

இப்போது ஒளியில் இயங்கும் சென்சார்கள் வந்துவிட்டனவே, இந்தக் கண்ணாடி ஊசி இன்னும் எதற்கு?

ஒளிச் சென்சார் ஆக்சிஜனைத் தின்னாது, சுலபத்தில் கெடாது, தகடாகச் செய்தால் சேற்றின் முழுக் குறுக்குவெட்டையும் படமாகவே காட்டும். பல வேலைகளுக்கு அதுவே மேல். ஆனால் விளக்கை அணைத்து முதல் நொடியில் அளக்கிற மாதிரி வேலைக்கு இன்னும் கண்ணாடி ஊசிதான் கைகொடுக்கிறது.

நுனி உடைந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணால் தெரியாது. அளக்க ஆரம்பிக்கும் முன் காற்று ஊதிய தண்ணீரில் ஓர் எண், நைட்ரஜன் ஊதி ஆக்சிஜனை விரட்டிய தண்ணீரில் ஓர் எண் என்று இரண்டையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். முடித்த பிறகும் அதே இரண்டையும் எடுங்கள். எண் திடீரென்று பல மடங்கு ஏறி, பூஜ்யத் தண்ணீரில் வைத்தும் இறங்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் முடிந்தது கதை. நான் முதலில் உடைத்தது சேற்றுக்குள் புதைந்திருந்த ஒரு சிப்பித் துண்டில் மோதி. 3 மில்லிமீட்டர் ஆழத்தில் ஆக்சிஜன் திடீரென்று பொங்கியதாக எண் காட்ட, ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அரை மணி நேரம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அதிலிருந்து, ஊசியை இறக்கும் முன் அதே இடத்துக்குப் பக்கத்தில் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றைக் குத்திப் பார்த்துவிடுகிறேன்.